செல்போன்: ரொக்கமா, மாதத் தவணையா? “வட்டியே இல்லை” என்பதற்குள் ஒளிந்திருக்கும் “மூணு வட்டி”

சென்னை:-

“மாசம் 1,500 ரூபாய்தான் சார். வட்டி ஒரு பைசா கிடையாது. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும். பத்து நிமிஷத்தில் புது போனோடு வீட்டுக்குப் போகலாம்.”

ரிச்சி தெருவிலும், தி.நகர் உஸ்மான் ரோட்டிலும், புரசைவாக்கத்திலும் செல்போன் கடைப் படி ஏறுகிறவர்களுக்கு இந்தப் பேச்சு பழகிப்போன ஒன்று.

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு 18 ஆயிரம் ரூபாய் என்றால் மலைப்பு தட்டும். 1,500 ரூபாய் என்றால், “சரி, சமாளித்துவிடலாம்” என்று தோன்றும்.

அந்த 1,500 ரூபாய்க் கணக்கு சிலருக்கு முக்கால் வட்டிக் கடன். சிலருக்கு மூணு வட்டிக் கடன்! ஒரே போன், ஒரே தவணைத் திட்டம். அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம்.

அது எப்படி?

“12-க்கு 4”

கடைகளில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் கடன் கம்பெனி ஊழியர்கள் “12-க்கு 4”, “10-க்கு 2” என்று பேசிக்கொள்வார்கள். வாங்க வந்தவருக்கு ஒன்றும் புரியாது. புரிந்துகொள்வது நல்லது.

“12-க்கு 4” என்றால் மொத்தம் 12 தவணை. அதில் 4 தவணையைக் கடையிலேயே முன்பணமாகக் கட்டிவிட வேண்டும். பாக்கி 8 தவணை, மாதாமாதம் பாங்கிக் கணக்கில் இருந்து பிடித்துக்கொள்வார்கள்.

18 ஆயிரம் ரூபாய் போன் என்று வைத்துக்கொள்வோம். தவணை 1,500. நாலு தவணை, 6 ஆயிரம் ரூபாய், கையோடு போச்சு. “பிராசஸிங் பீஸ்” என்று ஒரு 400 ரூபாய் என்று வைத்தால், முதல் நாள் 6,400 ரூபாய். பிறகு எட்டு மாதத்துக்கு 1,500 வீதம் 12 ஆயிரம். ஆக மொத்தம் 18,400.

“400 ரூபாய்தானே அதிகம்! அவ்வளவுதானே!” என்று தோன்றும்.

ரொக்கத்துக்கும் அந்தக் கடையில் அதே 18 ஆயிரம்தான் என்றால், அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு மாதம் 75 பைசா வருகிறது. முக்கால் வட்டி. இந்த ஊரில் எந்த அடகுக் கடையிலும் இதைவிடக் குறைவாகக் கேட்டு வாங்குவது கஷ்டம்.

ஆனால் ரொக்கமாகக் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் தள்ளுபடி, 17 ஆயிரம்தான் என்றால்? கதையே மாறிவிடுகிறது.

17 ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு முதல் நாளே 6,400 கொடுத்தாகிவிட்டது. அப்படியானால் உண்மையில் வாங்கிய கடன் 10,600 ரூபாய். அதற்கு எட்டு மாதத்தில் கட்டுவது 12 ஆயிரம். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் 80 பைசாவுக்கு மேல் போகிறது.

அதாவது ஏறக்குறைய மூணு வட்டி. வருஷத்துக்கு 34 சதவீதம்!

“வட்டி இல்லை” என்று சொல்லித்தான் இந்தக் கடன் கொடுக்கப்படுகிறது. ரசீதிலும் வட்டி என்று ஒரு வரி இருக்காது. அந்த ஆயிரம் ரூபாய் தள்ளுபடி கிடைக்காமல் போனதே, அதுதான் வட்டி.

ஆகவே கடைக்குள் நுழைந்ததும் தவணை பற்றி வாயே திறக்கக்கூடாது. “ரொக்கத்துக்குக் கடைசி விலை என்ன?” என்று கேட்க வேண்டும். இரண்டு கடை ஏறி இறங்கிக் கேட்க வேண்டும். அந்த விலையைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்ட பிறகு தவணைக் கதையை ஆரம்பிக்கலாம். முதலிலேயே “தவணை உண்டா?” என்று கேட்டுவிட்டால், ரொக்க விலை என்ற பேச்சே எழாது.

கார்டில் வாங்கினால்?

கிரெடிட் கார்டில் “நோ காஸ்ட் இ.எம்.ஐ.” என்று ஒன்று இருக்கிறது. செலவே இல்லாத தவணை என்று அர்த்தம். பாங்கி வட்டியை விட்டுக்கொடுத்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

பாங்கியாவது, வட்டியை விடுவதாவது!

இங்கே நடப்பது இதுதான். 20 ஆயிரம் ரூபாய் போனுக்கு ஆறு மாதத்தில் எவ்வளவு வட்டி வருமோ, அந்தத் தொகையைப் போன் கம்பெனியோ கடையோ முன்கூட்டியே விலையில் கழித்துவிடும். பாங்கி அதே தொகையை வட்டியாக வாங்கிக்கொள்ளும். வருஷத்துக்கு 15 சதவீத வட்டி என்றால், ஆறு மாதத்துக்கு சுமார் 847 ரூபாய். கழித்ததும் கூட்டியதும் சரியாகப் போய்விடும். மாதம் 3,333 ரூபாய் வீதம் 20 ஆயிரம்.

ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அது கார்டுக்காரர் தலையில். இந்தக் கணக்கில் 152 ரூபாய். பிராசஸிங் பீஸ் 199 ரூபாய் என்றால் அதற்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 235. ஆக 387 ரூபாய், “செலவே இல்லாத” தவணைக்கு ஆகும் செலவு.

இதைப் பகல் கொள்ளை என்று சொல்ல முடியாது. ஆறு மாத அவகாசத்துக்கு 387 ரூபாய் பரவாயில்லை என்று ஒருவர் நினைக்கலாம். ஆனால் தெரிந்து கொடுப்பது வேறு, அடுத்த மாத பில்லைப் பார்த்து “இது என்ன புதுசா?” என்று திகைப்பது வேறு.

ரிசர்வ் பாங்கியே இதுபற்றி எச்சரித்து இருக்கிறது. 2013-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி பாங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், “பூஜ்ய சதவீத வட்டி” என்ற ஒன்றே கிடையாது என்று பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது. வட்டியைப் பிராசஸிங் பீஸ் என்ற பெயரில் மறைத்து வாங்கக்கூடாது என்றும் கண்டித்தது. அதற்குப் பிறகு “ஜீரோ” போய் “நோ காஸ்ட்” வந்தது.

அமெரிக்காவில் 199 டாலர், இங்கே 31 ஆயிரம்

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் “எங்க ஊர்ல போன் சும்மாவே தர்றான்” என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம். அங்கே போனை விற்பது பெரும்பாலும் டெலிபோன் கம்பெனி. இரண்டு வருஷம் எங்களிடமே இருப்பேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், போன் விலையில் பெரும்பகுதியைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும். பிறகு அதை மாத பில்லில் கொஞ்சம் கொஞ்சமாக வசூலித்துவிடும்.

2008-ம் ஆண்டு ஐபோன் 3ஜி வந்தபோது இந்த வித்தியாசம் இந்தியாவில் பளிச்சென்று தெரிந்தது. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு அதை 199 டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் 9 ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. அதே போன் ஆகஸ்டு 22-ந் தேதி இந்தியாவில் ஏர்டெல், வோடபோன் கடைகளுக்கு வந்தது. விலை? 31 ஆயிரம் ரூபாய்! ஆவலோடு காத்திருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அமெரிக்கக்காரர் மாதாமாதம் கட்டிய பில்லைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தத் திகைப்பு கொஞ்சம் குறைந்திருக்கும்.

அங்கேயும் அந்த முறை நிலைக்கவில்லை. 2013-ல் டி-மொபைல் கம்பெனி போன் விலையையும் பேச்சுக் கட்டணத்தையும் தனித்தனியாகப் பிரித்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இப்போது 36 மாதம் வரை நீளும் தவணைகள் அங்கே சகஜம். “போன் இலவசம்” என்றால், மாதாமாதம் பில்லில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு வருவார்கள். நடுவில் வேறு கம்பெனிக்குப் போனால் கழிவு நின்றுவிடும், மிச்ச விலையைக் கட்டு என்பார்கள்.

ரூ.501 போன் ஞாபகம் இருக்கிறதா?

நம் நாட்டிலும் இந்த ஒப்பந்த முறையைக் கொண்டுவரப் பார்த்தார்கள்.

2003-ம் ஆண்டு ஜூலையில் ரிலையன்ஸ் இன்போகாம் கம்பெனி “மான்சூன் ஹங்காமா” என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 501 ரூபாய் கொடுத்தால் கையில் போன். பாக்கி மாதாமாதம். அதுவரை செல்போன் என்றால் பணக்காரர் சமாசாரம் என்று ஒதுங்கி இருந்தவர்கள் எல்லாம் திரண்டு வந்து வாங்கினார்கள். பெட்டிக்கடைக்காரர் சட்டைப் பையில் செல்போன் ஏறிய காலம் அது.

அந்தப் போனில் தனியாக சிம் கார்டு கிடையாது. வேறு கம்பெனிக்கு மாற வழியில்லை. மாற முடியாதவர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். பில் கட்டுவதை நிறுத்தினார்கள்! கம்பெனிக்குப் பெருந்தொகை வராக் கடனாக நின்றது.

2017-ல் வந்த ஜியோ போன் வேறு மாதிரி. 1,500 ரூபாய் டெபாசிட், மூன்று வருஷம் கழித்து போனைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். வருஷத்துக்கு 1,500 ரூபாய்க்காவது ரீசார்ஜ் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

2021-ம் ஆண்டு தீபாவளிக்கு வந்த ஜியோ போன் நெக்ஸ்ட்தான், ஒப்பந்தப் போனுக்கு இங்கே பார்த்த சரியான உதாரணம். ரொக்கம் என்றால் 6,499 ரூபாய். தவணை என்றால் 1,999 ரூபாய் முன்பணம், 501 ரூபாய் பிராசஸிங் பீஸ். பிறகு குறைந்த திட்டத்தில் மாதம் 300 ரூபாய் வீதம் 24 மாதம். அந்த 300 ரூபாய்க்குள் மாதம் 5 ஜி.பி. டேட்டாவும் 100 நிமிடப் பேச்சும் அடக்கம்.

கூட்டினால் 9,700 ரூபாய். ரொக்க விலையைக் கழித்தால் மிச்சம் 3,201. மாதத்துக்கு 133 ரூபாய். பேச்சு, டேட்டா, வட்டி எல்லாம் அதற்குள் என்றால் மோசமில்லை.

ஆனால் 100 நிமிடம் என்பது ஒரு நாளைக்கு மூணு நிமிஷத்துக்குச் சற்று மேல். ஊரில் இருக்கும் அம்மாவிடம் “சாப்பிட்டியா?” என்று கேட்பதற்குள் தீர்ந்துவிடும்.

இந்தியாவில் ஒப்பந்த முறை வேரூன்றாததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே பத்தில் ஒன்பது பேர் பிரீபெய்டு. பணம் தீர்ந்தால் ரீசார்ஜ், பிடிக்காவிட்டால் வேறு சிம். 2011-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி முதல் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் வசதியும் நாடு முழுவதும் வந்துவிட்டது. இப்படிப்பட்ட வாடிக்கையாளரை இரண்டு வருஷம் கட்டிப்போடுவது எப்படி? டெலிபோன் கம்பெனி கை விட்ட இடத்தைக் கடன் கம்பெனி பிடித்துக்கொண்டது. முன்பு பில் கட்டாவிட்டால் லைன் போகும். இப்போது தவணை கட்டாவிட்டால் போவது வேறு.

சம்பளம் 7-ந் தேதி, தவணை 2-ந் தேதி

கடை ஊழியர், தனியார் கம்பெனி குமாஸ்தா ஆகியோருக்குச் சம்பளம் 7-ந் தேதியோ 10-ந் தேதியோதான் வரும். தவணை பிடிக்கும் தேதி பல கடன்களில் மாத ஆரம்பத்திலேயே, 2-ந் தேதி, 5-ந் தேதி என்று இருக்கிறது. கணக்கில் பணம் இல்லை என்றால் தவணை திரும்பிவிடும்.

திரும்பினால் பாங்கி ஒரு அபராதம் போடும். கடன் கம்பெனி இன்னொரு அபராதம் போடும். இரண்டும் சேர்ந்தால் பல இடங்களில் 500 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. 1,500 ரூபாய்த் தவணைக்கு! மூன்று மாதம் இப்படி ஆனால் ஒரு தவணைக்கு மேல் தண்டமாகவே போய்விடும்.

ஆகவே கையெழுத்துப் போடும் முன்பே “எந்தத் தேதியில் பிடிப்பீர்கள்?” என்று கேட்டுக்கொள்வது அவசியம். மாற்றித் தருவார்களா என்றும் கேட்க வேண்டும். முடியாது என்றால், ஒரு தவணைத் தொகையைத் தொடாமல் கணக்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். அதற்கு வசதி இல்லை என்றால், இந்தத் தவணை அந்த வீட்டுக்குத் தாங்காது.

அபராதத்தைவிடப் பெரிய சங்கதி “சிபில்” மார்க். 300-ல் இருந்து 900 வரை போகும் இந்த மார்க்கைப் பார்த்துத்தான் பாங்கிகள் கடன் கொடுக்கின்றன. போன் கடன் சின்னக் கடன்தானே என்று விட்டுவிட முடியாது. அதுவும் அங்கே பதிவாகிறது. இரண்டு வருஷம் கழித்து வீட்டுக் கடனுக்கோ, மகள் படிப்புக் கடனுக்கோ போய் நிற்கும்போது, “பழைய பாக்கி ஒன்று இருக்கிறதே” என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்வார்கள்.

இந்தப் பதிவை வருஷத்துக்கு ஒரு முறை முழுமையாக, காசில்லாமல் பார்க்க எல்லோருக்கும் உரிமை உண்டு. பார்ப்பவர்கள்தான் குறைவு.

பாக்கி விழுந்தால் வசூல் போன்கள் வரும். காலை 8 மணிக்கு முன்பும் ராத்திரி 7 மணிக்குப் பிறகும் இப்படிக் கூப்பிடக்கூடாது என்று 2022-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. மிரட்டுவதோ, சொந்தக்காரர்களிடம் சொல்லி அவமானப்படுத்துவதோ கூடாது.

போன் போனாலும் தவணை போகாது

மாலை நேர மின்சார ரெயிலில் வாசலில் நின்று பேசிக்கொண்டு வந்தவரின் போனைத் தட்டிப் பறித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரொக்கம் கொடுத்து வாங்கியவருக்குப் போன் நஷ்டம். தவணையில் வாங்கியவருக்குப் போனும் இல்லை, ஆனால் மாதாமாதம் 1,500 ரூபாய் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். மறுபடி புது போனுக்கு இன்னொரு தவணை. இரட்டைத் தவணைக்காரர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

தவணை கட்டாவிட்டால் போனையே எங்கிருந்தோ பூட்டிவிடும் செயலிகளும் உண்டு. 2024-ல் ரிசர்வ் பாங்கி இதை நிறுத்தச் சொன்னதாகவும், 2025 செப்டம்பரில் வாடிக்கையாளரின் முன்சம்மதத்தோடு இதை அனுமதிக்க யோசிப்பதாகவும் செய்திகள் வந்தன. விஷயம் பரிசீலனையில் இருப்பதாக 2025 அக்டோபரில் ரிசர்வ் பாங்கியே தெரிவித்தது.

போனில்தான் பணம் வாங்குவதும் கொடுப்பதும், வேலைக்குக் கூப்பிடுவதும் நடக்கிறது. பூட்டிவிட்டால் கடனைக் கட்டச் சம்பாதிப்பது எப்படி என்பது நியாயமான கேள்வி.

யாருக்குத் தவணை?

தவணையே கூடாது என்று சொல்வதற்கில்லை. வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞருக்கும், செயலியில் சவாரி எடுக்கும் ஆட்டோக்காரருக்கும் போன்தான் தொழில் கருவி. அது இல்லாத ஒரு நாள், வருமானம் இல்லாத நாள். தையல் மிஷினைத் தவணையில் வாங்கிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அதுபோலத்தான் இதுவும். 10, 12 ஆயிரம் ரூபாயில் உழைக்கிற போன் ஒன்றை ஆறு மாதத் தவணையில் எடுப்பதில் தப்பில்லை.

பழைய போன் நன்றாக இருக்கும்போது, பக்கத்து சீட்டுக்காரர் புதுசு வாங்கிவிட்டார் என்பதற்காக, 20 ஆயிரம் சம்பளத்தில் 60 ஆயிரம் ரூபாய் போனை 24 தவணையில் எடுப்பவர் கதை வேறு. தவணை முடியும் முன்பே அந்தப் போன் பழசாகிவிடும்.

பழைய போன் இன்னும் ஆறு மாதம் ஓடும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. கட்டப்போகும் அதே 2,500 ரூபாயை மாதாமாதம் பாங்கியில் ஆறு மாத ஆர்.டி.யில் போட்டுவந்தால், முடிவில் 15 ஆயிரமும் கொஞ்சம் வட்டியும் கையில் இருக்கும். ஆறு மாதத்தில் அதே போனின் விலையும் பெரும்பாலும் இறங்கி இருக்கும். கையில் ரொக்கம், முகத்தில் தெம்பு. பேரமும் பேசலாம்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

தவணைதான் என்று முடிவானால், “முக்கிய விவரப் பத்திரம்” என்று ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். 2024-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல், கடன் வாங்கும் தனி நபர்களுக்குப் பாங்கிகளும் கடன் கம்பெனிகளும் இதைக் கொடுத்தாக வேண்டும். எல்லாச் செலவும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று அதில் போட்டிருக்கும். புரிகிற மொழியில் எழுதித் தரவேண்டும் என்பதும் விதி. ரொக்கத் தள்ளுபடி போன கணக்கு மட்டும் அதில் வராது. அதற்குத்தான் முன்பு சொன்ன துண்டுச் சீட்டு.

இன்சூரன்ஸ், கூடுதல் வாரண்டி என்று கேட்காமலே எதையாவது கடனில் சேர்த்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டும். 1,500 தவணை 1,640 ஆனது எப்படி என்று வீட்டுக்கு வந்து தலையைச் சொறிவதில் பயனில்லை.

கடைசித் தவணை கட்டியதும் “பாக்கி இல்லை” என்ற சான்றிதழைக் கடன் கம்பெனியிடம் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். ஓரிரு மாதம் கழித்து சிபில் பதிவில் அந்தக் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது நல்லது.

தகராறு என்றால் முதலில் கடன் கொடுத்த கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற நம்பரைக் கூப்பிடலாம். விற்ற கடை மீது புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.